நான் கிமோனோ உடுத்த அன்று

அக்கா,

இன்று பல்லரோச் சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். பக்கத்துச் சீனக் கடை வாசலில் நாரைகள் பறக்கும் நீலக் கிமோனோ ஒன்று தொங்கியது. மலிவான நைலோன் துணி. தொட்டதும் எனக்குக் கழுத்தெல்லாம் கூசியது. கடைக்காரச் சீனத்தி கையில் பாதி தின்ற பாணோடு, தொலைபேசியில் யாரையோ சிசிலியப் பாஷையில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் நின்றிருந்தால், "இவ எந்தப் படத்திலை இருக்கிறா?" என்று கேட்டிருப்பீர்கள்.

லிபெர்த்தாத் தெருவில் நாமிருவரும் வேலை செய்த வீட்டின் வரவேற்பறையில் பதினொரு ஜப்பானியப் பெண்கள் படங்களாகத் தொங்கினார்கள். எல்லோரும் தலை குனிந்தவர்கள், அகலமான சட்டைக் கைகளுக்குள் விரல்களை ஒளித்தவர்கள். கிழக்கத்தியப் பெண்மை என்றால் இந்த அடக்கந்தான் என்று வீட்டுக்காரச் சிஞ்ஞோரா விருந்தாளிகளுக்கு விளக்குவார். தூசி தட்டுகிற உங்களுக்கோ அவர்கள் மேல் ஒரே எரிச்சல். இவையளுக்கு ஆர் சமைச்சுக் குடுக்கிறது என்பீர்கள்.

ஒருநாள் அலுமாரியில் இருந்த புத்தகத்தில் இன்னொரு படத்தைக் கண்டுபிடித்தீர்கள். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள். ஈரத் தலைமயிர், கையில் கத்தி. மன்னார்க்காரியான உங்களுக்கு வாயெல்லாம் பல். இதை ஏன் மாட்டவில்லை என்று சிஞ்ஞோராவிடமே போய்க் கேட்டீர்கள். வரவேற்பறைக்குப் பொருந்தாது என்றார். அதுவும் ஜப்பானின் பழைய சித்திரந்தான். எதை மாட்டுவது என்று தீர்மானித்தது இவர்.

பிறகு அந்த ஜப்பானிய விருந்து வந்தது. சிஞ்ஞோரா இரண்டு கிமோனோக்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாங்கள் அவற்றை உடுத்து, முகத்தில் வெள்ளை பூசி, வாசலில் தலை குனிந்து விருந்தாளிகளை வரவேற்க வேண்டுமாம். யாழ்ப்பாணமும் மன்னாரும் ஜப்பானும் அவருக்கு ஒரே ஊர்தான்.

சமைப்பேன், பரிமாறுவேன், ஆனால் என் உடுப்போடுதான் என்று நீங்கள் இத்தாலியனில் நிதானமாகச் சொன்னீர்கள். படமாக நிற்க மாட்டேன் என்றும் சொன்னீர்கள். சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். வேலை ஒப்பந்தம் காட்டாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள், இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. எனக்கு அந்த மாதமே அது முடிய இருந்தது. உங்களுக்கும் அதே நிலைதான். நான் கிமோனோவை எடுத்தேன். அடுத்த கிழமை உங்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஒப்பந்தம் கிடைக்கும்வரை அலைந்த அலைச்சலிலும், சீசாப் பகுதியிலிருந்த என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தீர்கள். ஒரு சொல் குத்திச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்டபோதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்.

"அண்டைக்கு வாசலிலை தலை குனிஞ்சனியே?"

"இல்லை அக்கா. நிமிந்துதான் நிண்டனான்."

"எனக்குத் தெரியும்," என்றீர்கள். உங்கள் முகம் தெளிந்துவிட்டது.

குனிந்தேன், அக்கா. கதவு திறந்த ஒவ்வொரு தடவையும் குனிந்தேன். நன்றாகச் செய்கிறாய் என்று சிஞ்ஞோரா சொன்னபோது வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இப்போதும் அந்த வீட்டில்தான் வேலை. அந்தப் படங்களைத் துடைக்கிறபோது, இவர்களையும் யாரோ குனியச் சொல்லித்தானே வரைந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவதில்லை. நீங்கள் என்னை நம்பிவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.