சளிக்காரர்கள் ரத்தத்தில் சத்து கூடிப்போனது குறித்து

அனுப்புநர்
சு. அருணாதேவி,
சுக்குக் காபிக் கடை, கிரிவலப் பாதை,
அடி அண்ணாமலை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: எங்கள் ஊர்ச் சளிக்காரர்களின் ரத்தத்தை முன்னறிவிப்பின்றி மறுபடி சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பௌர்ணமிதோறும் பக்தர்கள் எங்கள் ஊர் வழியாக மலையைச் சுற்றுகிறார்கள். புண்ணியத்தை எடுத்துக்கொண்டு இருமலை எங்களிடம் விட்டுச் செல்கிறார்கள். இரண்டொரு நாளில் ஊரே மூக்கை உறிஞ்சும். என் சுக்குக் காபி வியாபாரத்துக்கு இது நல்லதுதான். ஆனால் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பொன்னிக்கு ஒவ்வொரு முறையும் சளி நெஞ்சில் இறங்கி இழுப்பாகிவிடுகிறது.

2. கடந்த ஆனி மாதம் ஒரு மருத்துவக் குழுவினர் வந்தார்கள். வைரஸ் சளிக்காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தில் வைட்டமின், இரும்பு, துத்தநாகச் சத்துகள் எவ்வளவு உள்ளன என்று பார்க்கப் போவதாகவும், குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இலவசமாகச் சத்து மருந்து தருவதாகவும் கூறினர். அடுத்த வாரம் ரத்தம் எடுக்க வருவதாகவும் சொல்லிச் சென்றனர். சொல்லிவிட்டுப் போனதுதான் வினையாயிற்று.

3. ஊர்ப் பெரியவர் திரு. கோதண்டராமன் அன்று மாலையே கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார். "நம்ம ரத்தத்துல சத்து கம்மினு எழுதிட்டுப் போயிட்டாங்கன்னா, நம்ம பசங்களுக்கு வெளியூர்ல எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டார். அனைவருக்கும் நியாயமாகப் பட்டது. மறுநாள் முதல் முருங்கை மரங்கள் மொட்டையாயின. டவுன் கறிக்கடையில் ஈரல் மிஞ்சவில்லை. சத்து மாத்திரை அட்டை அட்டையாகத் தீர்ந்தது. பெண் வீட்டார் வரப்போவதைப் போல, மூக்கு ஒழுக ஒழுக எல்லோரும் தயாரானார்கள். என் கணவர் சுரேஷ்குமாரும் பொன்னிக்கு வேளாவேளைக்கு ஈரல் வறுத்து ஊட்டினார்.

4. முடிவு வந்தது. பொன்னி உட்பட அனைவருக்கும் எல்லாச் சத்தும் நிறைவு! கோதண்டராமன் அவர்கள் ஊருக்கே கேசரி கொடுத்தார். மருந்துப் பெட்டிகள் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விட்டன. குழுவினர் மீது குற்றமில்லை. நாங்கள் காட்டியதைத்தான் அவர்கள் அளந்தார்கள்.

5. ஈரலும் மாத்திரையும் அந்த வாரத்தோடு சரி. ஐப்பசிப் பௌர்ணமிக்குப் பிறகு பொன்னிக்கு மறுபடி இழுப்பு. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறாள். சத்துக் குறைவுதான் காரணமா என்று யாரைக் கேட்டாலும், அந்த முடிவைப் பார்த்துவிட்டு, சத்தெல்லாம் பேஷாக இருக்கிறதே என்கிறார்கள். என் பிள்ளையின் ரத்தத்தில் உண்மையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, ஐயா.

6. ஆகவே, தீபத் திருவிழாக் கூட்டம் கலைந்தபின், ஊர் முழுக்க இருமும் நாளாகப் பார்த்து, அக்குழுவினரைச் சொல்லாமல் கொள்ளாமல் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். ஊர்ப் பெரியவருக்குத் தகவல் தர வேண்டாம். தயவுசெய்து எனக்கும் தெரிவிக்க வேண்டாம். பெற்றவள் நான், தெரிந்தால் முதல் ஆளாக ஈரல் வாங்க ஓடிவிடுவேன்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 12.11.2001

தங்கள் வரவை எதிர்பார்க்காமல் காத்திருக்கும்,
சு. அருணாதேவி