வேன் ஆன்டி என்று சொல்லாதே

அக்கா,

நேற்று போட்ட பாலிஷ் வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், போகவில்லை. அந்தக் கறுப்புக் காலணியைத்தான் துடைத்தேன். ஆறாம் நம்பர், குட்டைக் குதிகால், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நீங்கள் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கியது. நீங்கள் போனபிறகு எட்டு மாதம் என் அலமாரியில் கிடந்து வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது அது திவ்யாவின் காலில் இருக்கிறது. அவள் உள்ளே நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறாள். நான் வெளியே காரில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

திவ்யாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போனபிறகு வந்தவள். படிவம் நான்கில் பள்ளியை விட்டுவிட்டு பூச்சோங்கில் கார் கழுவும் கடைக்குப் போனாள். பிறகு எப்படியோ திரும்பி வந்து எஸ்.பி.எம். தேர்வு எழுதி, உயிரியலில் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டுமாம். இந்த இடம் கிடைக்காவிட்டால் மறுபடியும் கார் கழுவத்தான் போவாள். அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் மேல் பொறாமை. உயிரோடு இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மற்றவர்கள் உங்களைப் பற்றிப் பேசும்போது கண் கலங்குகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

ஆரம்பத்தில் என்ன நடந்தது? என் மகள் உங்கள் வேனில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள், பின்னால் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு. "டீச்சர், நீங்க காலேஜ்ல வேலை பாக்குறீங்கள்ல? இந்தப் பாரத்த எப்படி நிரப்புறதுன்னு இவளுக்கு சொல்லுங்க லா." நான் டீச்சர் இல்லை. சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரியின் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் கேட்கவில்லை. உங்களைப் பார்த்துப் பிள்ளைகளும் என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் வேன் ஆன்டி.

அப்படித்தான் தையல்கடை மாடியில் நம் சனிக்கிழமை வகுப்பு வந்தது. பாரம் நிரப்புவது, கட்டுரை திருத்துவது, எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று பட்டியல் போடுவது, நேர்முகத்துக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் நான். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஹார்ன் அடித்தீர்கள். ஆமாம், அதுதான் உங்கள் வேலை. பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளையின் ஃபிளாட்டுக்குக் கீழே வேனை நிறுத்துவீர்கள். நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு. பிள்ளை இறங்கி வரும்வரை விடமாட்டீர்கள். மாடியில் இருந்து எல்லாரும் திட்டுவார்கள். "பிள்ளைய அனுப்புங்க, நான் போறேன்," என்று கீழே இருந்தே கத்துவீர்கள். இறங்கி வந்தவனிடம் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டீர்கள். "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்பீர்கள்.

நான் வகுப்புக்குள் நுழைந்ததும் கட்டுரை எங்கே என்று கேட்பேன். யாருக்கு ஆன்டி பட்டம் கிடைக்கும், யாருக்கு டீச்சர் பட்டம் கிடைக்கும் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

ஆனால் அந்தக் கட்டுரைகள் இருக்கின்றனவே. 'என் வாழ்க்கையில் முன்மாதிரி' என்று ஒரு கேள்வி எல்லா இடத்திலும் வரும். எல்லாப் பிள்ளைகளும் உங்களைத்தான் எழுதுவார்கள். உட்கார்ந்து எழுத்துப் பிழை திருத்துவது நான். உங்களைப் பற்றிய புகழ்ச்சியை நானே சிவப்பு மையில் சரிபார்த்து, இன்னும் அழகாக்கிக் கொடுப்பேன். ஒரே ஒரு கட்டுரையிலாவது என் பெயர் வருமா என்று கடைசி வரி வரை படிப்பேன். வராது. ஒரு தடவை வந்தது, 'பாரம் நிரப்ப உதவிய டீச்சருக்கும் நன்றி' என்று.

ஷாமினி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருந்தபோது நான் வாய் திறக்காத விஷயம்.

அவள் அப்பா சிறையில் இருந்தார். அண்ணன் அடிதடிக் கும்பலில். அவளை நீங்கள் நாலு மாதம் ஹார்ன் அடித்தே எஸ்.பி.எம். எழுத வைத்தீர்கள். கோலாலம்பூரில் நேர்முகம். அதற்கு முந்தைய சனிக்கிழமை பயிற்சியில், உன் முன்மாதிரி யார் என்று கேட்டேன். "வேன் ஆன்டி," என்றாள், யோசிக்கவே இல்லை. எனக்கு அன்று என்ன வந்ததோ! ஆறு மாதமாக அவளுக்காக அலைந்தவள் நான். "வேன் ஆன்டின்னு சொல்லாதே. வேன் ஓட்டுறவங்கன்னு சொன்னா அங்க எடுபடாது. உங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர்னு சொல்லு," என்றேன். அனுபவசாலி சொல்வது போலவே சொன்னேன். எனக்கே அது ஆலோசனை போலத்தான் கேட்டது.

அவள் அப்படியே சொன்னாள். உள்ளே இருந்தவர்கள், அவர் என்ன பாடம் எடுத்தார், உன்னிடம் என்ன சொன்னார், எப்படி உதவினார் என்று வரிசையாகக் கேட்டார்கள். பள்ளிக்கே பாதி நாள் போகாதவளுக்கு என்ன தெரியும்? அழுதுகொண்டே வெளியே வந்தாள். இடம் போய்விட்டது.

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினீர்கள். சோற்றைத் தொடாமல் ஷாமினி சொன்னாள், "டீச்சர்தான் ஹெட்மாஸ்டர்னு சொல்லச் சொன்னாங்க." நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "டீச்சருக்குத் தெரியாததா லா? அடுத்த வருஷம் இருக்கு. சாப்பிடு," என்றீர்கள். அதோடு அவள் என் மேல் கோபப்படும் வழியையும் அடைத்துவிட்டீர்கள்.

நம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. இடம் கிடைத்த பெண் அந்தக் காலணிக்குப் பாலிஷ் போட்டு, தன் கையாலேயே அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். ஷாமினி அதை அழுக்கோடு வைத்துவிட்டுப் போனாள். நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து அதைத் துடைத்தீர்கள். "அடுத்த தடவ அவ இஷ்டத்துக்குப் பேசட்டும் டீச்சர்." அவ்வளவுதான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு டீ ஊற்றிக் கொடுத்தீர்கள். அடுத்த வருடம் அவள் தன் இஷ்டத்துக்குப் பேசினாள், இடம் கிடைத்தது. ஒரு வருடம் போனது போனதுதான்.

உங்கள் வீட்டில் கடைசியாக உங்களைக் கிடத்தியிருந்த அன்று தெருவே நிறைந்துவிட்டது. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஷிஃப்ட் முடிந்து பாதுகாப்புத் தொப்பியோடு வந்தவன், வங்கிச் சீருடையில் வந்தவள், கைக்குழந்தையோடு வந்தவள். நான் ஒரு ஓரமாக நின்று, எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிணத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்தக் கிள்ளானில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை திவ்யாவுக்குக் கடைசிப் பயிற்சி. ஷாமினியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இப்போது இரண்டாம் ஆண்டு நர்சிங், கொஞ்சம் மிடுக்குதான். நான் அதே கேள்வியைக் கேட்டேன். ஆறு மாதமாக நான்தானே சொல்லிக் கொடுக்கிறேன், உங்களை இவள் பார்த்ததுகூட இல்லையே, இந்தத் தடவை என்னை விட்டால் யார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

"வேன் ஆன்டி," என்றாள்.

"நீ அவங்கள பார்த்ததே இல்லையே!"

"பார்த்ததில்ல டீச்சர். ஆனா ஷாமினி அக்கா டெய்லி காலையில எங்க ஃபிளாட் கீழ மோட்டார் சைக்கிள நிறுத்திட்டு ஹார்ன் அடிப்பாங்க, நான் ஸ்கூலுக்கு இறங்குற வரைக்கும். ஏன்க்கா இப்படி பண்றீங்கன்னு கேட்டேன். எனக்கு ஒருத்தங்க அடிச்சாங்கன்னு சொன்னாங்க."

ஷாமினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் பேனா இருந்தது. எடுபடாது என்று இன்னொரு தடவை சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சத்தியமாக நாக்கு நுனி வரை வந்தது.

"ஷாமினி, அன்னைக்கு நான் சொன்னது தப்பு லா. பொறாமையில சொல்லிட்டேன்," என்றேன்.

"தெரியும் டீச்சர். ஆன்டி அன்னைக்கே சொன்னாங்க."

அடேயப்பா! தெரிந்தேதான் இரண்டு வருடம் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தீர்களா? அதிலும் நீங்களே ஜெயித்துவிட்டீர்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். திவ்யா உங்கள் பெயரைச் சொன்னால் உள்ளே துருவித் துருவிக் கேட்பார்கள். ஷாமினி மாட்டிக்கொண்டது போல இவளும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் உங்களைப் பற்றி நானே சொல்லிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பேரம் பேசிய காலணி, நீளமாக ஒன்று சின்னதாக இரண்டு, பசியாறியாச்சா, டயாலிசிஸ் முடிந்த கையோடு வேன் எடுத்தது. ஒரு மணி நேரம் விடாமல் பேசினேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். உங்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இன்று ஷாமினிக்கு மருத்துவமனையில் பயிற்சி. காலையில் திவ்யாவை ஏற்றப் போனது நான்தான். அதே பழைய ஃபிளாட், ஷாமினிக்காக நீங்கள் நாலு மாதம் வேனை நிறுத்திய அதே கட்டடம். ஏழே கால் ஆகியும் அவள் இறங்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. பயத்தில் காலணியைப் போட்டுக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாளாம், பிறகு சொன்னாள். வாழ்க்கையில் நான் அநாவசியமாக ஹார்ன் அடித்ததில்லை அக்கா, உங்களுக்கே தெரியும். அடித்தேன். நீளமாக ஒன்று, சின்னதாக இரண்டு.

மூன்றாவது மாடிக் கதவு படாரென்று திறந்தது. பெரியவர் ஒருவர், வாயில் பல் துலக்கும் நுரை, முகமெல்லாம் சிரிப்பாக எட்டிப் பார்த்தார். கீழே என் காரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கிவிட்டது.

"வேன் இல்லியா?"

"இல்ல அங்கிள். நான்தான்."

அவர் உள்ளே போய்விட்டார். எனக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. எரியட்டும் என்று, திவ்யா படியில் இறங்கி வரும் சத்தம் கேட்கும்வரை ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.