இருபத்தெட்டு ஊசியும் ஒரு சாக்ஸும்

மார்ச் 3, செவ்வாய்

மயங்கி விழுந்தேன். நாற்பது வருஷமாக ஊசி நூலில் பிழைக்கிற தையல்காரன், ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தேன்.

வலது முட்டியை மாற்றி இன்று ஐந்தாம் நாள். வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க தினம் ஒரு ஊசி, வயிற்றில், மொத்தம் இருபத்தெட்டு. முதல் மூன்றை நர்ஸ் போடும்போது நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இன்று, "வீட்டுல நீங்களே போட்டுக்கணும், நல்லா பாத்துக்கங்க" என்று மூடியைக் கழற்றினார். பார்த்தேன். அப்புறம் எதையும் பார்க்கவில்லை.

கண் விழித்ததும் நர்ஸ் சொன்னது: "ஐயா, நான் இன்னும் போடவே இல்ல."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

முட்டியில் வேலை செய்துவிட்டு வயிற்றில் எதற்கு ஊசி என்று டாக்டரிடம் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு கால் சும்மா கிடந்தால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளுமாம். கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் -

"போனா?"

"போனா நீங்க இப்படி கேள்வி கேட்டுட்டு இருக்க மாட்டீங்க."

நாலாவது ஊசியை, நர்ஸ் சொல்லச் சொல்ல, மகளே போட்டாள். ஆனால் பதினெட்டாம் தேதி அவள் வெளியூர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். பாலம் கட்டுகிற கம்பெனி. இரண்டு வருஷம் அலைந்து கிடைத்தது. அவள் போன பிறகு மிச்ச ஊசியை யார் போடுவது? மனைவியைப் பார்த்தேன். "எனக்குக் கை நடுங்கும்" என்றாள். என்னைத் திட்டும்போது விரல் நீட்டுகிறாளே, அது நடுங்கி நான் பார்த்ததில்லை.

மார்ச் 4, புதன்

ஐந்தாவது ஊசி. நான் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன, யாராவது விழுந்துட்டாங்களா?" என்று கேட்டார். மகள் சிரித்த சிரிப்பில் ஊசி டப்பா கீழே விழுந்தது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாதாம். தேய்த்தேன். கையில் ஒரு அடி விழுந்தது.

காலுக்கு ஒரு சாக்ஸ் கொடுத்திருக்கிறார்கள். தொடை வரை ஏறுகிறது. அதை மாட்ட வீட்டில் இரண்டு பெண்கள், அரைமணி நேரம். மெத்தையைத் தலையணை உறைக்குள் திணிக்கிற மாதிரி. அளவு எடுத்தவன் என் கையில் கிடைக்கட்டும்.

மார்ச் 6, வெள்ளி

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பையன் வந்தான். மனைவி அவனுக்கு 'கால் வாத்தியார்' என்று பேர் வைத்துவிட்டாள். பாதத்தை மேலே கீழே, மேலே கீழே. மணிக்கு இருபது தடவை. "கெண்டைக்கால் தசை இரத்தத்த மேல தள்ளும், சார்."

தம்பி, இதைத்தானே நாற்பது வருஷமாக மிஷினில் மிதித்துக்கொண்டிருக்கிறேன்! மிதித்துக் காட்டினேன். அசந்துபோனான். தூக்கத்தில்கூட மிதிக்கிறேனாம், மனைவி சாட்சி.

மார்ச் 7, சனி

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன். பாத்ரூமுக்குப் பதினோரு தடவை வாக்கரோடு ஊர்வலம். நம்மை நடக்க வைக்க இவர்கள் போட்ட சதிதான் இந்தத் தண்ணீர்.

மார்ச் 9, திங்கள்

இன்று ஒரு நல்ல வேலை செய்தேன். இரண்டு பெண்களும் கடைக்குப் போயிருந்த நேரம் அந்த சாக்ஸைக் கழற்றி, பின்பக்கம் கணுக்காலிலிருந்து முட்டிவரை பிரித்து, ஒரு விரல் அகலத்துக்கு லைனிங் துணி வைத்துத் தைத்தேன். கைத்தையல்தான். வெளியே தையல் தெரியாது. மாட்டிப் பார்த்தேன். ஆகா! கால் மூச்சு விட்டது. இறுக்கமாக இருக்கிறது என்று வந்த ஒரு வாடிக்கையாளரையாவது நான் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேனா?

மார்ச் 11, புதன்

கெண்டைக்கால் கொஞ்சம் கனமாக இருக்கிறது. சும்மா டேப் வைத்துப் பார்த்தேன். பதினாலு அங்குலம். இடது கால் பதிமூன்றரை.

மார்ச் 12, வியாழன்

பதினாலே முக்கால். அமுக்கினால் வலி. சூடாகவும் இருக்கிறது. இல்லை, என் கைதான் சூடோ? டேப் பழசு, நீண்டிருக்கும்.

டேப் நீளுமா? நீண்ட டேப்பில் அளவு குறையத்தானே செய்யும்? யாரிடம் கதை விடுகிறேன் நான்.

சொல்லவில்லை. சொன்னால் அவள் கிளம்ப மாட்டாள். காலையில்கூட, "சேர்ற தேதிய தள்ளிக் கேக்கட்டுமாப்பா?" என்றாள். "என் காலுக்காக ஒரு பாலத்தை நிறுத்தி வைக்கிறதா?" என்று சிரித்துக் கடத்தினேன். மிதிக்கிறேன். மிதித்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

நாலு நாளாக நானே மாட்டிக்கொள்கிறேன் என்று சமாளித்திருந்தேன். இன்று சாக்ஸை மாட்ட வந்த மகள், "என்னம்மா இது, இவ்ளோ சுலபமா ஏறுது?" என்றாள். திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது யாரோட தையல்னு எனக்குத் தெரியாதாப்பா?"

பத்து வயசிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்தவள். அப்புறம் அவள் கண் காலுக்குப் போனது. என் அளவு நோட்டில் எழுதி வைத்திருந்த அளவுகளுக்கும் போனது. மனைவி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன். காலெல்லாம் ஜில்லென்று ஏதோ தடவி, ஒரு பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடவுளே, அட்வான்ஸ் கொடுத்த மகராசியின் கல்யாண ப்ளவுஸ் இன்னும் தைத்து முடிக்கலையே என்று ஒரு வாடிக்கையாளரைப் பற்றித்தான் யோசித்தேன். பயத்தில் மனசு இப்படித்தான் எங்கேயாவது ஓடுமோ? மகள் என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் பெருவிரலை. கை எட்டவில்லை போலிருக்கிறது.

கட்டி இல்லை. வெறும் வீக்கம்.

டாக்டர் சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தையல் பிரமாதம்" என்றார். அப்புறம்தான் திட்டு வாங்கினேன். "கணுக்கால்ல அதிகமா இறுக்கணும், மேல போகப் போக குறையணும். அப்பதான் இரத்தம் மேல ஏறும். காலுக்கேத்த மாதிரி துணிய மாத்துறது உங்க தொழில், ஐயா. இது துணிக்கேத்த மாதிரி கால மாத்துற தொழில். வலி வந்த அன்னிக்கே வந்திருக்கணும். ஏதோ, ஊசியும் நடையும் விடாம இருந்தீங்க."

வீடு திரும்பியதும் மகள் என்னைப் பிடித்து இறக்கினாள். வாசலில் சொன்னாள்: "நான் போகல."

மார்ச் 14, சனி

தேதி தள்ளிக் கேட்டு போனில் கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். இன்னும் அனுப்பவில்லை; திங்கள்கிழமை அனுப்புவாளாம். பதினைந்தாவது ஊசி. கத்தினேன். இன்று சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

கோட்டுத் தோளுக்கு வைக்கிற பஞ்சை மடித்து மடியில் வைத்து, தையல் ஊசியால் குத்திப் பழகினேன். நேராக. ஒரே மூச்சில். மனைவி எட்டிப் பார்த்து, "அதாவது கத்தாம இருக்கே" என்றாள். ஐம்பது தடவை குத்தினேன்.

மகளிடம் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தக் கடிதத்த அனுப்பாத. ஒரு ட்ரையல் பாத்துட்டு முடிவு பண்ணலாம்." ட்ரையல் என்றால் அவளால் மறுக்க முடியாது. தையல்காரன் வீட்டுப் பெண்.

மார்ச் 17, செவ்வாய்

தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, டேப் வைத்து, சாக்பீஸால் குறி போட்டேன். "ஐயோ, அங்க இல்ல, துடைச்ச இடத்துல கோடு போடாதீங்க!" என்று மகள் குறியை அழித்து, மறுபடியும் பஞ்சால் துடைத்தாள். சரி, குறி மனசிலேயே இருக்கட்டும்.

துணியில் ப்ளீட் மடிப்பு பிடிக்கிற மாதிரி தோலைப் பிடித்தேன். இது வயிறு இல்லை, வேலை. என்னுடைய வேலை. நேராக. ஒரே மூச்சில்.

முடிந்தது. மனைவி மூச்சு விட்டது அடுப்படி வரை கேட்டிருக்கும். அடுப்படியில் யாரும் இல்லை.

"கத்தவே இல்ல நீங்க?" என்றாள் மகள்.

"கைல வேலை இருக்கும்போது கத்துற பழக்கம் இல்ல."

போனை எடுத்தாள். கடிதத்தை என் கண்ணெதிரே அழித்தாள். அப்புறம் எனக்கு லேசாகத் தலை சுற்றியது. உட்கார்ந்துதானே இருந்தேன், யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

பஸ் ஏறினாள். கையை ஆட்டினேன். "காலயும் ஆட்டுங்க!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. ஆட்டினேன்.

மார்ச் 22, ஞாயிறு

பதிமூன்றே முக்கால்.

மார்ச் 27, வெள்ளி

இருபத்தெட்டாவது. கடைசி. இதையும் நானே போட்டேன். மனைவி காலி ஊசி டப்பாவை ஆட்டிப் பார்த்து, "ஒண்ணாவது மிச்சம் வெச்சிருக்கலாம், நீங்க அதிகமா பேசும்போது காட்டலாம்" என்றாள். காலையில் வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு கடை வரை போய் பூட்டைத் தொட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். ஆற்றுக்குள் முதல் தூண் இறங்கிவிட்டதாம். தலையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாளாம். பெரிய அளவு, காது மூடுகிறதாம். அனுப்பு, சுற்றளவைப் பிடித்துத் தருகிறேன் என்றேன். "நீங்க எதையும் பிரிக்க வேணாம்" என்றாள்.

"கடைசி ஊசி வலிச்சுதாப்பா?"

"லேசா."

உண்மைதான். நானே போட்டுக்கொண்ட பதினொன்றும் லேசாக வலித்தன. நீ போட்ட பதினாலில் ஒன்றுகூட வலிக்கவில்லையம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்படின்னா எதுக்கு அந்தக் கத்து கத்தினீங்க என்று கேட்பாள். நீ சிரிப்பாயே, அதற்குத்தான் என்று சொல்ல வேண்டி வரும்.

சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.