வரிசை எண் 743-க்கு ஒரு பெயர் இருந்தது

அனுப்புநர்
திருமதி எவலின் மாரிஸ்,
ஓய்வுபெற்ற பள்ளி நூலக எழுத்தர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்
முனைவர் ஜெயந்திரன் பாலசுந்தரம்,
முதன்மை நூலகர்,
லெம்பா மெலாத்தி பல்கலைக்கழகக் கல்லூரி,
பூச்சோங்.

பொருள்: தங்கள் நூலகத்தின் திறந்த ஆய்வுத் தரவகத்தில் ஒரே ஒரு வரியைத் திறந்துவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே வேண்டுகோளை மலாய் மொழியில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டுக்கும் நொடிப்பொழுதில் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது; தங்கள் கணினிக்கு மிகுந்த மரியாதை தெரிகிறது. மனிதர் யாரேனும் படிக்கட்டும் என்று இம்முறை தமிழில், தாளில் எழுதுகிறேன்.

1. கிள்ளான் அருகே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபின் உபதேசியார் வீட்டு அலமாரியில் கிடந்தது. 2019-இல் தங்கள் நூலகம் அதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தது. பாதிரியார்களின் கோழிக் கிறுக்கலை வாசித்து, 1,312 பதிவுகளையும் ஊதியமின்றித் தட்டச்சு செய்தவள் நான்.

2. ஆய்வுத் தரவு எல்லாருக்கும் பொது, யாரும் அதைப் பூட்டி வைக்கக் கூடாது என்று திட்ட அதிகாரி திரு. கென்னத் அழகாக விளக்கினார். ஆகவே தன்னார்வலர் எவரும் சொந்த நகல் வைத்திருக்கக் கூடாது என்றும் விளக்கினார். அந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது என்று கேட்கும் அறிவு அப்போது எனக்கு இல்லை. என் நகலை அழித்து, அழித்தேன் என்று கையொப்பமும் இட்டேன். 2021 டிசம்பர் வெள்ளத்தில் உபதேசியார் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர், பதிவேடு கஞ்சியாகிவிட்டது. இன்று உலகில் எஞ்சியிருப்பது தங்களிடம் உள்ள படங்கள் மட்டுமே.

3. என் பக்கத்து வீட்டு மகதலேனா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர், வயது 59. பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். பெற்றோர் அவர் பிறப்பைப் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. அதனால் அடையாள அட்டையும் இல்லை. இந்நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாதவர், போலீஸ்காரரைக் கண்டால் இந்த வயதிலும் சந்துக்குள் ஒதுங்குகிறார். செப்டம்பர் 18-ஆம் தேதி பதிவிலாகாவில் அவருக்கு நேர்காணல். பிறந்த காலத்துப் பதிவு ஏதேனும் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

4. இருவரும் மகிழ்ச்சியோடு தரவகத்தைத் திறந்தோம். திறந்தது, பொய் சொல்லக் கூடாது. வரிசை எண் 743: பெண். ஞானஸ்நானம் 10.4.1966, உயிர்த்த ஞாயிறு. தந்தை பால்மரத் தொழிலாளி. பாதிரியார் குறிப்பு: பலத்த மழை, பாட்டுக்காரர் வரவில்லை. மகதலேனாவின் தாயார் அவரிடம் சொல்லி வைத்த நாளும் அதுவே, மழையும் அதுவே. பெயர்: நீக்கப்பட்டது. பெற்றோர்: நீக்கப்பட்டது. ஞானப்பெற்றோர்: நீக்கப்பட்டது. அந்தரங்கத்தைக் காப்பதற்காகவாம். பெயர் சூட்டும் சடங்கின் ஏட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, மழையைப் பத்திரமாக வைத்திருக்கும் தங்கள் நூலகத்தை மனமார மெச்சுகிறேன்.

5. பெயருள்ள மூலப் படத்தைப் பார்க்க ஒன்பது பக்கப் படிவம் உண்டு. முதல் பக்கத்திலேயே அடையாள அட்டை எண் கேட்கிறது. அட்டை வாங்கத்தானே படிவம் என்றோம். தங்கள் நூலக முகப்பில் இருந்த ஜோஆன், "ஆன்டி, நம்பர் போடலேன்னா சிஸ்டம் அடுத்த பேஜ் போகாது லா, நான் என்ன செய்ய?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. என் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். தரவுக்கு உரியவர் நான் அல்ல என்று சிவப்பில் வந்தது. மேல்முறையீட்டுக் குழு நவம்பரில் கூடுமாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியும் விடுப்பில் இருக்கிறார்.

6. இத்தரவகம் திறந்த ஆய்வுக்கான விருது பெற்றதை அறிவேன். விழாவுக்கு என்னையும் அழைத்தீர்கள். இரண்டு கறிபாப் தின்று கைதட்டினேன். இதுவரை 2,140 பேர் பதிவிறக்கியதாக மேடையில் அறிவித்தார்கள். அத்தனை பேரும் மழையைத்தான் ஆராய்ந்திருக்க வேண்டும்.

நான் கேட்பது வரிசை எண் 743 உள்ள பக்கத்தின் சான்றளித்த நகல் ஒன்று, செப்டம்பர் 12-ஆம் தேதிக்குள். மற்ற 1,311 பேரின் அந்தரங்கத்தையும் தாராளமாகக் காத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள், அவசரம் ஒன்றுமில்லை.

கேலியை இங்கே நிறுத்துகிறேன், ஐயா. தட்டச்சு முடிந்ததும், பெயர்களை நீக்கலாமா என்று தங்கள் நூலகம் என்னிடம் கேட்ட தாளில், 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டவள் நான்தான். எனக்குத் தெரியாத நூலக விதியா என்ற மிதப்பில், முழுவதும் படிக்காமலே குறியிட்டேன். தங்கள்மேல் உள்ள கோபத்தைவிட என்மேல் உள்ள கோபம் அதிகம். மகதலேனாவுக்கு இது தெரியாது. "நீங்க இருக்கீங்க அக்கா, எனக்கென்ன பயம்" என்று சொல்லிக்கொண்டு, நேர்காணலன்று உடுத்தச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டார். தாங்கள் நகலைத் தந்தால், பிறகு ஒரு நாள் நானே அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். தராவிட்டால், பதினெட்டாம் தேதி காலை, பதிவிலாகா வாசலில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
எவலின் மாரிஸ்

இடம்: பிரிக்பீல்ட்ஸ்
நாள்: 25.8.2025