அப்பாவின் கையெழுத்துக்காக

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை தாயி. அப்பா காலில் சின்னப் புண் என்று போனில் சொன்னேனே, அது சின்னப் புண் இல்லை. கரி சுடும் மூட்டத்துக்கு விறகு வெட்டும்போது ஏறிய கருவேல முள்தான், ஆனால் சர்க்கரை உடம்பு, பாதம் கறுத்துவிட்டது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அனுப்பி, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு ஆறு நாள். வந்த அன்று பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்கள், நேற்று முழங்காலுக்குக் கீழே என்றார்கள், இன்று காலை டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, நாளைக்கும் எடுக்காவிட்டால் உயிருக்கே உறுதி சொல்ல முடியாது என்றார்.

அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "எம் மக ஆஸ்பத்திரியவே நடத்தப் படிக்கிறா, ஒங்களுக்கெல்லாம் மேல. வெள்ளிக்கெழம பரீட்ச முடிஞ்சு வந்து பாத்துச் சொல்லட்டும், அப்புறம் வெட்டுங்க" என்று அந்த டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டில் நரிக்குடிக்காரர் இருளப்பசாமி, "ஏலே சோணைமுத்து, ஒம் மக வந்து சேர்ல ஒக்கார்றதுக்குள்ள ஒன்னயத் தூக்கிட்டுப் போயிருவாய்ங்கடா" என்று கேலி செய்தும் அசையவில்லை, கூடச் சேர்ந்து சிரிக்கிறார்.

இந்த நினைப்பை அவருக்குள் போட்டவள் நான்தான். உன்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்ப அவர் மறுத்தபோது, மருத்துவமனை நிர்வாகம் படித்தால் டாக்டர்களே உன் பேச்சைக் கேட்பார்கள் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். நம் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நீ, மேலே படிக்க உனக்கிருந்த ஆசை எனக்குத் தெரியாதா? அந்தப் படிப்பை முடித்த அக்காமார் ஆஸ்பத்திரி வாசல் மேசையில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தீபாவளிக்கு நீ அழுததைக்கூட அவரிடம் மறைத்தேன். இப்போது உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "புள்ள மேல ஒனக்குப் பொறாமடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்று இருளப்பசாமி மனைவி ஆவுடைத்தாயின் போனை வாங்கி உன்னைக் கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்குப் பேச வருகிறது. அவர்கள் மகன் கோகுல் கோயம்புத்தூருக்கு இப்போது புறப்படுகிறான், சாயங்காலம் உன் ஹாஸ்டலில் கொடுத்துவிடுவான். நாளைக் காலை ஆப்பரேஷனுக்குப் பெயர் சேர வேண்டுமானால் இன்றைக்கே கையெழுத்து வேண்டுமாம். அதனால் ஓடி வராதே, நேற்று நான் பேசிய அந்த நம்பரில் அப்பாவைக் கூப்பிடு. உன் படிப்பு என்ன படிப்பு என்றெல்லாம் விளக்காதே. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டேன், எடுக்கத்தான் வேண்டும், கையெழுத்துப் போடுங்கப்பா என்று சொல். குரல் நடுங்கக் கூடாது. பெற்ற பிள்ளையைப் பொய் சொல்லச் சொல்கிறேன், வேறு வழி தெரியவில்லை. எடுத்தாலும் பிழைப்பார் என்று யாரும் சொல்லவில்லை. பிழைத்தால், காலை எடுக்கச் சொன்னது என் மகள்தான் என்று ஊரெல்லாம் சொல்வார், பெருமையாகவே சொல்வார். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. வெள்ளிக்கிழமைப் பரீட்சையை எழுதிவிட்டு வா. குலசாமி உன்னைக் கைவிடாது. மறக்காதே, இன்றைக்கே.

உன் அம்மா
தங்கலட்சுமி