தோரணா மலைக்குப் போகும் அப்பாவுக்கு

அப்பா,

நேற்று கசார்வாடியில் ஆட்டோ சிக்னலுக்கு நின்றபோது, பக்கத்துப் பட்டறையிலிருந்து சூடான இரும்பில் எண்ணெய் கருகும் வாசனை வந்தது. உங்கள் சட்டையின் வாசனை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சை விழுந்தது, ஆட்டோ கிளம்பியது. வீட்டுக்கு வந்து சமையலை முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

துளை போடும் டிரில் பிட்டும் சாணைக்கல்லும் விற்றீர்கள். ஆறு நாளும் விஷ்ராந்த்வாடியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குவீர்கள். முதலாளிகளிடம் மராத்தி, மெஷின்காரர்களிடம் இந்தி. சாயங்காலம் அத்தனை பேரையும் தமிழில் எங்களுக்கு நடித்துக் காட்டுவீர்கள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சப்பாத்தி இடுவாள். ஞாயிறு மட்டும் ஸ்வார்கேட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் தோரணா மலைக்கோட்டைக்குத் தனியாகப் போய்விடுவீர்கள். வாரம் பூராவும் அலைவது போதாதா என்பது அப்போதெல்லாம் அம்மாவின் குறை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், மழைக்காலத்தில் ஒருமுறை அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனீர்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இறங்கும்போது மூடுபனி. இதோ வந்துவிட்டது, அந்தப் பாறை தாண்டினால் பாதை என்று சரக்கு விற்கிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். பிறகு அந்தப் பேச்சும் நின்றது.

"எனக்கு வழி தெரியல, பிள்ள," என்றீர்கள் அம்மாவிடம்.

"தெரியலன்னா என்ன. இங்கன உக்காருங்க," என்றாள் அவள்.

மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஈரப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். பனி விலகியபோது பாதை பத்தடி தள்ளி இருந்தது. எங்களுக்கு மறுபக்கம் பள்ளம். அதற்குப் பிறகு அம்மா உங்கள் ஞாயிறுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஏழு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கசார்வாடிப் பட்டறை முதலாளி என் ஆபீசுக்குப் போன் செய்தார். நான் போனபோது உங்களை மரப்பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். மெஷின்களையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். ஐந்து நிமிஷம் உட்காருகிறேன் என்று சொன்னீர்களாம், தண்ணீர் கேட்டீர்களாம், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். உங்கள் சாம்பிள் பெட்டி திறந்தபடி கிடந்தது. பிட்டுகளை அளவு வாரியாக அடுக்கி மூடினேன். முதலாளியின் மேஜையிலிருந்து நம் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன்.

"எம்மா, அப்பா போயிட்டாங்க," என்றேன். பஸ் போய்விட்டது என்பதுபோலத்தான் என் குரல் இருந்தது.

பதினாறு முடிவதற்குள், ஒன்பது கெஜச் சேலை கட்டிய ஒரு பெண் ஒரு பை அரிசியோடு படியேறி வந்தாள். தோரணா மலையடிவாரத்து ஊர்க்காரி, ஞாயிறன்று நீங்கள் வராததால் விசாரித்துக்கொண்டு வந்தவள். ஞாயிறுதோறும் நீங்கள் அவள் வீட்டில்தான் பாக்ரி ரொட்டி சாப்பிட்டீர்களாம். அப்பா அங்கே என்னவெல்லாம் பேசுவார் என்று மராத்தியில் கேட்டேன். பேசவே மாட்டார் என்றாள். வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்களாம். ஒருநாள் அவள் காரணம் கேட்டதற்கு, ஆறு நாள் பேசியாயிற்று அக்கா என்றீர்களாம்.

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"வீட்டுக்கு வந்தா வாய் ஓயாதே," என்றாள் அம்மா. பிறகு, "அவ்வளவு அசதியிலயா எங்கள சிரிக்க வச்சீங்க?" என்று உங்கள் படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதாள். நான் டீ போட எழுந்து போனேன். அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் அந்த அரிசியில் சோறு வடித்தேன். அம்மா ஒரு கவளத்தோடு எழுந்துவிட்டாள். நான் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். நல்ல அரிசி, குழையவே இல்லை. எனக்குப் பசித்தது, அப்பா. இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.