இருபதில் ஓடிய ரேஸ் கார்

14.6.2009, ஞாயிறு

மாமோய், நீ செத்துப்போய் நாற்பது நாள் ஆகிறது. இன்றைக்குத் திண்டிவனத்திலிருந்து உன் மெக்கானிக் கூட்டாளி துக்கம் கேட்க வந்தார். உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது, நீ கதாநாயகனுக்கு டூப் போட்டுக் கார் ஓட்டிய அந்த ரேஸ் படத்தின் சிடியைப் போட்டேன். கிட்டத்தில் கதாநாயகன் முகத்தைக் காட்டுவார்கள். தூரத்தில் புழுதி கிளப்பி நம் பழைய காரை ஓட்டுவது நீதான். "இன்னா வேகம் பாருங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"வேகமா? அது எங்க தாத்தன் காலத்து வண்டி அண்ணி. இருபதத் தாண்டினா கதவு கழண்டுக்கினு பூடும். கேமராவ மெதுவா ஓட்டிப் புடிச்சி, படத்துல வேகமா காட்டுவாங்க. பின்னாடி காருல நாந்தான் வந்துக்கினு இருந்தேன்."

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து உன் காரில் நான் ஏறவேயில்லை. "இந்த ஆளு என்ன சாவடிச்சிடும்" என்று ஊரெல்லாம் சொன்னேன். பதினோரு வருஷம் விழுப்புரத்திலிருந்து அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போனேன். நீ காலிக் காரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வருவாய். திண்டிவனத்தில் இறங்கினால் கையிலிருந்து பையை வாங்கிக்கொள்வாய்.

மெதுவாகத்தான் ஓட்டினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருப்பேனே. நான் பயப்படுவதைப் பார்க்க உனக்கு அவ்வளவு பெருமையா மாமா?